சேலைக் கிழிசலில் ஓடிய வேன்

நாங்கள் கிளம்பிய புதன்கிழமை விடியற்காலையில் என் மாமியார் வேனின் பின்பக்கக் கொக்கியில் ஓர் அலுமினிய டம்ளரை மாட்டினார். உள்ளே அலமாரியில் ஆறு பீங்கான் கோப்பைகள் இருந்தன. அவை எங்களுக்கு. டம்ளர், கூட வரும் குத்தகைக்காரருக்கும் அவர் மனைவிக்கும். இரண்டு பேருக்கும் ஒன்று.

அந்தப் பழைய வேனை என் கணவர் பாண்டிச்சேரியில் வாங்கியிருந்தார். சீமையிலிருந்து தரைவழியாகவே வந்து சேர்ந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி விற்றுவிட்டுப் போனது. அப்போதே அதற்கு இருபது வயதிருக்கும். மடக்கினால் பெஞ்சு, விரித்தால் கட்டில். ஒரு சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. திருவையாற்றுப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் அதற்கு ‘ஓடுற வீடு’ என்று பெயர். "வீடெல்லாம் சரி, கொல்ல எங்க இருக்கு?" என்று டீக்கடையில் என் கணவரைக் கேட்பார்களாம்.

அது ஓடவில்லை என்பதுதான் உண்மை. இரண்டு மாதமாகக் களத்தில் நின்றது. கன்னியாகுமரி வரை போய்வர வேண்டும் என்று என் கணவர் கேட்கும்போதெல்லாம் மாமனார், "அறுவடை முடியட்டும்", "உளுந்து எடுக்கட்டும்" என்று தள்ளிக்கொண்டே போனார். எனக்கும் போக ஆசை. கல்யாணமாகி இரண்டு வருடம், கையில் எட்டு மாதக் குழந்தை, கோயிலைத் தவிர வேறு எங்கும் போனதில்லை. சமையலறையில் நின்றபடி அந்தப் பூப்போட்ட திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அந்த வாரம் திங்கட்கிழமை குத்தகைக்காரர் கொல்லைப்பக்கம் வந்து நின்றார். எங்கள் நிலத்தில் ஆறு மாவை, அதாவது இரண்டு ஏக்கரை, அவர் அப்பா காலத்திலிருந்து அவர்கள் குடும்பம்தான் பயிரிட்டது. கையில் ஒரு காகிதம்.

"சின்னம்மா, தலையாரி குடுத்துட்டுப் போனாரு. என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

அந்த வீட்டில் யாருக்குக் கடிதம் வந்தாலும் நான்தான் படிப்பேன். பள்ளி இறுதி வரை படித்தவள் நான் ஒருத்திதான். காகிதத்தைப் பிரித்தேன். பயிர் செய்கிறவர்களின் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் வந்திருந்த நேரம். வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தாலுகா ஆபீசில் விசாரணை, நேரில் வரவும் என்று அதில் இருந்தது. பெயர் ஏறிவிட்டால் அவரை யாரும் அந்த ஆறு மாவிலிருந்து எழுப்ப முடியாது. ஏறாவிட்டால் அவர் அதில் கூலியாள்.

படித்துச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் நான், "இருங்க, கேட்டுட்டு வரேன்" என்று உள்ளே போய்க் கூடத்தில் இருந்த மாமனாரிடம் காகிதத்தைக் கொடுத்தேன். யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை. பெரியவர்களிடம் கேட்காமல் எதையும் செய்யக்கூடாது என்று வளர்ந்தவள் நான். இன்றுவரை நான் நினைவில் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்தக் கூடத்து வாசற்படியில்தான்.

மாமனார் இரண்டு முறை படித்தார்.

"அடுத்த மாசம் தேதி சொல்லுவாங்களாம்னு சொல்லிடு."

"வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கே மாமா."

"எனக்கும் படிக்கத் தெரியும்மா. இதுல பொய் ஒண்ணும் இல்ல. தேதியைச் சொல்லாம இரு, அவ்வளவுதான். உன் இடுப்புல இருக்கானே, அவனுக்குத்தான் இந்த நெலம்." பிறகு என் கணவரைக் கூப்பிட்டார். "வண்டி வண்டின்னு உசுர வாங்கினியே, நாளன்னிக்கே கெளம்பு. அவனையும் கூட்டிட்டுப் போ, மிசினு பாக்க ஆளு வேணும். அவன் பொண்டாட்டி புள்ளையப் பாத்துக்குவா. உங்கம்மாவும் வரட்டும். பன்னண்டு நாள் நிதானமாச் சுத்திட்டு வாங்க."

நான் கொல்லைக்குத் திரும்பி வந்து சொன்னேன். "அடுத்த மாசம் தேதி சொல்லுவாங்களாம். பத்திரமா வச்சுக்கங்க."

அவர் கும்பிட்டார். எங்களோடு கன்னியாகுமரி வருகிறார் என்றதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.

அவர்தான் எங்கள் ஆயில் இன்ஜினை ஓட்டுகிறவர். செவ்வாய்க்கிழமை முழுவதும் வேனுக்கு அடியில் கிடந்தார். சாயங்காலம் அது உறுமியது.

புதன் இரவு பட்டுக்கோட்டையில் தங்கினோம். நாங்கள் கட்டிலில், அவர்கள் வேனுக்கு அடியில் சாக்கு விரித்து. என் தலைக்குக் கீழே பலகை, பலகைக்குக் கீழே அவர்கள். அவர் மனைவி ஏதோ சொல்லிச் சிரித்தது கேட்டது. நோட்டீஸை அவள் இடுப்பில் சுருக்குப்பைக்குள் வைத்திருந்தாள். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா?

வியாழன் பகலில் பேராவூரணி தாண்டி ஒரு தென்னந்தோப்போரம் வண்டி நின்றுவிட்டது. பெல்ட் அறுந்து இன்ஜின் கொதித்தது. என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ கும்பிட வேண்டும்போல இருந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் ராத்திரிக்குள் ஊர். நாளைக் காலை பத்தரைக்கு அவர் தாலுகா ஆபீசில் நிற்கலாம். நான் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. கடவுளே பார்த்துக்கொண்ட மாதிரி.

"குழந்தைக்கு ஒடம்பு சுடுது. வண்டி இங்கயே கெடக்கட்டும், எல்லாரும் பஸ்ல திரும்பிடலாம்" என்றேன்.

என் கணவர் குழந்தையின் நெற்றியைத் தொட்டார். "எங்க சுடுது?"

மாமியார் என் காதருகே வந்தார். "நீ எதுக்குத் திரும்பணும்ங்கிறன்னு எனக்குத் தெரியும். படிச்ச திமிர எங்கிட்டக் காட்டாத. திரும்புறதுன்னா உங்கப்பன் வீட்டுக்குத் திரும்பு. புள்ள எங்களோட இருக்கட்டும்."

நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். குத்தகைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பயத்தினால் அழப்போகிறேன் என்று நினைத்தார்.

"கவலப்படாதீங்க சின்னம்மா. பொழுது சாயறதுக்குள்ள ஓட வச்சிடுறேன். நம்ம இன்ஜினுக்குப் போன வருசம் இப்படித்தான் ஆச்சு." மனைவி பக்கம் திரும்பினார். "ஏய், அந்தச் சேலைய எடு."

"இருக்கிறதே மாத்துக்கு அது ஒண்ணுதான். கன்னியாகுமரில என்னத்தக் கட்டிக்கிறது?"

"கட்டியிருக்கிறதையே கட்டு. அங்க ஒன்னப் பொண்ணு பாக்கவா வராங்க?"

அவள் சிரித்துக்கொண்டே அந்த மாற்றுச் சேலையின் முந்தானையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். தோப்பிலிருந்து தேங்காய் நார் வாங்கி, கிழிசலையும் நாரையும் சேர்த்து முறுக்கி, அவர் ஒரு பெல்ட் திரித்தார். அவர் கைகள் வேகமாக வேலை செய்தன. இன்னும் கொஞ்சம் மெதுவாகச் செய்யக்கூடாதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு இன்ஜின் ஓடியது. என் கணவர் அவர் தோளில் தட்டினார். மாமியார் அலுமினிய டம்ளர் நிறையக் காப்பி ஊற்றிக் கொடுத்தார், வழக்கத்துக்கு மாறாகச் சர்க்கரை போட்டு.

வெள்ளிக்கிழமை காலை வழியில் ஒரு கடலோரம் நின்றோம். குழந்தை கடலைப் பார்த்து அழுதது. குத்தகைக்காரர் அவனை வாங்கித் தோளில் உட்காரவைத்து, அலை வரும்போதெல்லாம் பின்னால் ஓடி ஓடிச் சிரிக்கவைத்தார். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தேகால். பத்தரை. பதினொன்று. தாலுகா ஆபீஸ் வராந்தாவில் டவாலி நின்று ஒரு பெயரை மூன்று தரம் கூப்பிடுவான். பெயருக்குரியவர் முழங்கால் தண்ணீரில் என் மகனுக்குக் கடல் காட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு கன்னியாகுமரியையும் பார்த்தோம். என்ன பார்த்தேன் என்று நினைவில்லை.

ஊர் திரும்பிய மறுநாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. விவசாயச் சங்கத்து ஆட்கள் நோட்டீஸை வாங்கிப் படித்திருக்கிறார்கள். அவர் மனைவி வந்து என்னிடம் சொன்னாள்.

"வெள்ளிக்கெழமன்னே அதுல போட்டிருக்காம். யாருடா ஒனக்குப் படிச்சுச் சொன்னதுன்னு கேக்குறாங்க. எங்க வீட்டுக்காரரு சண்டைக்கே போயிட்டாரு. அந்தம்மா பொய் சொல்லாது, நாந்தான் காதுல சரியா வாங்கியிருக்க மாட்டேன்னு."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தொடர்ந்து களைந்தேன்.

ஆள் வராததால் பெயர் ஏறவில்லை, மேல்மனு போடலாம் என்று சங்கத்தில் சொன்னார்களாம். தாங்களே எழுதித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னிடம்தான் வந்தார். நான் எழுதினேன். ‘நான் ஊரில் இல்லாததாலும் என் அறியாமையாலும் விசாரணைக்கு வரத் தவறிவிட்டேன்’ என்று அவரே சொல்வதுபோல எழுதிப் படித்துக் காட்டினேன்.

"அறியாமன்னா என்னம்மா?"

"தெரியாம வரலைன்னு அர்த்தம்."

"அது சரிதான். தெரியாமத்தானே போனோம்."

பெருவிரலில் மை தடவி ரேகை வைத்தார். மாமனாரிடம் காட்டிவிட்டுத்தான் கொடுத்தேன். அவர் கடைசி வரி வரை படித்துவிட்டு, "கையெழுத்து முத்து முத்தா இருக்கு, போடட்டும்" என்றார்.

குறுவைக்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது. இருவரும் அதை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார்கள். அவள் அந்தக் கிழிந்த சேலையைத்தான் கட்டியிருந்தாள், கிழிசலை உள்பக்கம் மடித்துச் செருகி. இந்த முறை நான் உள்ளே போகவில்லை. யாரையும் கேட்கவில்லை. அங்கேயே நின்று, ஒரு சொல்லையும் விடாமல், சத்தமாகப் படித்தேன். ‘வராமல் போனதற்கு மனுதாரர் தக்க காரணம் எதையும் காட்டவில்லை. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.’

அவர் வயலின் பக்கம் பார்த்தார். அவர் மனைவி என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, நாலாக மடித்து, பழைய நோட்டீஸோடு சேர்த்துச் சுருக்குப்பைக்குள் வைத்தாள்.

"மத்தவங்க படிச்சா ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது" என்றாள். "நீங்க படிச்சாத்தாம்மா புரியுது."