அது பம்ப்தான்

கனடாவில், அஜின்கோர்ட்டில் ஒரு பழைய வீட்டின் பேஸ்மென்டில் நான் தனியே இருந்த காலத்தில், என்னோடு குடியிருந்தது ஒரு பம்ப். என் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பொய்லர். அது சூடாக்கும் தண்ணீரை வீடு முழுக்கக் குழாய்களில் ஓடவிடுவது பம்பின் வேலை. செய்யட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் குளிர் தொடங்கிய நாளிலிருந்து சனியன் டொக், டொக், டொக் என்று தட்டிக்கொண்டல்லவா வேலை செய்தது! கொஞ்சநேரம் நிற்கும். அப்பாடா என்று திரும்பிப் படுத்தால் மறுபடி தொடங்கும்.

மேல்வீட்டில் இருந்த வீட்டுக்கார அண்ணையிடம் போய்ச் சொன்னேன்.

“ஹீற் வருதோ?”

“வருது அண்ணை.”

“பிறகென்ன? பழசெண்டால் சத்தம் போடும்தான். என்ரை முழங்காலும் சத்தம் போடுது, அதையும் மாத்திறதோ?”

நித்திரை கெட்டது மட்டுமென்றால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். என் பிரச்சினை ஞாயிற்றுக்கிழமை.

என் மனைவி விசாவுக்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தாள். கலியாணம் முடித்து நாங்கள் ஒன்றாக இருந்த நாட்களைவிட ரெலிபோனில் இருந்த நாட்கள்தான் அதிகம். ஞாயிறு காலையில் நான் கோல் எடுப்பேன். அங்கே அது இரவு. லொட்ஜ் வாசலுக்குப் பக்கத்தில், மனேச்சரின் மேசையில் இருக்கும் போனில், மற்றக் காதைப் பொத்திக்கொண்டு நின்று பேசுவாள். இரவில் அந்த வாசற்கதவைத் தட்டினால் பொலிஸ் செக்கிங் என்று அர்த்தம். பதிவு சரியில்லை, ஐசி என்கிற அடையாள அட்டை சரியில்லை, கொழும்புக்கு வந்த காரணம் சரியில்லை என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்படிப் போன அடுத்த அறைப் பெண்ணைப் பற்றி அவள் ஒருமுறை சொன்னாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

முதல்முறை என் பம்ப் தட்டியபோது அவள் பேச்சு பாதியில் நின்றது. “ஆரோ தட்டுறாங்கள், வைக்கிறன்” என்று வைத்துவிட்டாள். தட்டியது எங்கே என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதே. அடுத்த ஞாயிறு எடுத்த எடுப்பிலேயே சொன்னேன்: “பயப்படாதையும். அது இஞ்சை. பம்ப்.”

“பம்ப் என்னத்துக்குக் கதவைத் தட்டுது?” என்று கேட்டாள்.

போகப்போகப் பழகிக்கொண்டாள். பகிடிகூட வந்தது. “என்னப்பா, உங்கடை மற்றவ தட்டுறா” என்பாள். சிரிப்பாள்தான். ஆனாலும் ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் மூச்சு ஒரு கணம் நிற்பது எனக்குக் கேட்கும். அவள் பயமில்லாமல் தொடங்கிப் பயமில்லாமல் முடிக்கிற ஒரு பேச்சை நான் கேட்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

பம்பைச் சுற்றிப் பழைய கம்பளியைக் கட்டிப் பார்த்தேன். கம்பளிக்குள் இருந்து தட்டியது. ஒரு ஞாயிறு பொய்லர் சுவிச்சையே நிறுத்திவிட்டு, ஜாக்கெட்டும் தொப்பியுமாக இருந்து பேசினேன். பேசின சந்தோஷத்தில் அதைத் திரும்பப் போட மறந்து வேலைக்குப் போய்விட்டேன். வரும்போது அண்ணை கோட்டோடு படியில் நின்றார்.

“ஹீற்றை நிப்பாட்டினது நீரோ? பிள்ளையள் விறைக்குதுகள். விசரே உமக்கு?”

லொட்ஜ், கதவு, செக்கிங் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணையும் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் இருந்து வந்தவர்தான். அந்தக் கிழமையே ஆளைக் கூப்பிட்டுப் புதுப் பம்ப் போட்டார். காதை வைத்துக் கேட்டால்தான் அது ஓடுவது தெரியும்.

அடுத்த ஞாயிறு அவளுக்கு நான் இதைச் சொல்லவில்லை. தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தேன். அவள் பேசினாள், ஐயோ, என்ன பேச்சு! வாங்கி வைத்திருக்கும் சேலை, கனடாக் குளிருக்கு அது சரிவருமா, இங்கே முருங்கைக்காய் கிடைக்குமா என்று எல்லாம் கேட்டாள்.

“நான் வந்தால் அந்தக் கட்டிலைச் சுவரிலையிருந்து தள்ளிப் போடவேணும். உங்கடை மற்றவவுக்குப் பக்கத்திலை நான் படுக்கமாட்டன்.”

நான் சிரித்தேன். அப்போது தட்டியது. டொக், டொக், டொக்.

“பாத்தீங்களே, அவவுக்குப் பொறுக்கேல்லை” என்றாள். இந்த முறை அவள் மூச்சு நிற்கவில்லை. துளிப் பயமும் இல்லாமல் பேசிக்கொண்டே போனாள்.

நான் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். சுவர் சும்மா இருந்தது. போனுக்குள் மறுபடி தட்டினார்கள்.

“இஞ்சாரும்” என்றேன். “பம்பை மாத்தியாச்சு. அது இஞ்சை இல்லை. ஐசியைக் கையிலை எடும்.”

அவள் போனை மேசையில் வைப்பது கேட்டது. பிறகு ஓர் ஆணின் குரல். பிறகு லைன் அறுந்துபோனது.

அவளை மறுநாள் விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த ஞாயிறு எனக்கு அது தெரியாது. திரும்பத் திரும்ப எடுத்தேன், யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பேஸ்மென்ட் அவ்வளவு அமைதியாக ஒருநாளும் இருந்ததில்லை. பொய்லர் அறைக்குள் போய்ப் புதுப் பம்புக்கு முன்னால் குந்தி, தட்டு, ஒருக்கால் தட்டு என்று அதைக் கெஞ்சிக்கொண்டு இருந்தேன்.