பால்பவுடர் டின்களில் அத்தாவின் லேத்து

தையல் மெஷின் எண்ணெய் எங்கே மணத்தாலும் எனக்கு வெள்ளிக்கிழமைதான் நினைவுக்கு வரும். பாலக்கரையில் எங்கள் வீட்டு மாடியில் தகரக்கூரை போட்ட ஓர் அறை இருந்தது. அதற்கு "லேத்து ரூம்" என்று பெயர், ஆனால் அதில் லேத்து கிடையாது. சவுதியில் மரச்சாமான் ஆலையில் கடைசல் வேலை பார்த்த அத்தா, ஊரோடு வந்ததும் சொந்தமாக மரம் கடையும் மெஷின் வாங்கிப் போடப்போகிறார் என்பதால், அதற்கான சாமான்கள் மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டன.

லீவில் வருகிற மற்றவர்கள் அத்தரும் போர்வையும் கொண்டுவருவார்கள். எங்கள் அத்தாவின் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே உளிகளும், கட்டையை இறுக்கிப் பிடிக்கும் "சக்"கும் இருக்கும். "மெஷினு எப்ப மாடியேறும்?" என்று பெரியம்மா கேலி செய்வார். அம்மா அவற்றை எண்ணெய்த் துணியில் சுற்றி, காலியான பால்பவுடர் டின்களில் வைத்து, அத்தா சுவரில் அடித்துக் கொடுத்த பலகைத் தட்டில் அடுக்குவாள். வெள்ளிதோறும் ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைப்பாள். எண்ணெய் விடுவது என் வேலை. மழைக்காலத்தில்கூட அந்த அறையில் துணி காயப்போட முடியாது. "ஈரம் பட்டா துரு ஏறிடும். ஒங்க அத்தா வந்து கேட்டா நான் என்ன சொல்றது?" என்பாள். அத்தா ஒருநாள் வந்தே தீருவார் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்த டின்கள்தான்.

ஒவ்வொரு லீவும் முடிகையில் அவர் மூடிகளைத் திறந்து பார்த்து, "அடுத்த தடவ, இன்ஷா அல்லாஹ், மெஷின போட்டுடலாம்" என்பார். இப்படியே என் பள்ளிப்பருவம் முழுதும் போயிற்று.

நான் பிளஸ் டூ படிக்கையில் நிஜமாகவே வந்துவிட்டார், இருமலோடு. புத்தூர் டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத்தன வருஷம் மரத்தூளு உள்ள போயிருக்கு. இனிமே தூசி பக்கமே போகாதீங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் அத்தா நேரே மாடிப்படி ஏறினார். பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

"அதையெல்லாம் வித்துடலாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"இருக்கட்டும். தொடச்சு வை" என்றார்.

மிச்சப் படிகளை அவர் கடைசிவரை ஏறவேயில்லை. அவர் மவுத்தான பிறகும், தன் முழங்கால் இடம் கொடுத்தவரை, அம்மா ஏறிப்போய்த் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த வீட்டை விற்றாகிவிட்டது, இடிக்கப்போகிறார்கள். போன வாரம் சாமான்களை எடுக்கப் போனேன். படியில் அத்தா சாய்ந்து உட்கார்ந்த சுவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. டின்னைத் திறந்தால் அதே எண்ணெய் வாசனை. சக்கைத் திருகினேன், நேற்று வாங்கியதுபோல வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஒரு மரத்தைக்கூட அது பிடித்ததில்லை.

கே.கே. நகரில் என்னோடு இருக்கும் அம்மாவிடம் வந்து சொன்னேன்.

"துரு இருக்கா?" என்றாள்.

"ஒரு பொட்டுகூட இல்லம்மா."

"அதயாவது காப்பாத்துனேன்" என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.