ப்ரஷர் நார்மல்

மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, தேநீர்த் தட்டோடு போன நான் மாப்பிள்ளையின் அம்மாவுடைய காலில் இடறிவிட்டேன். நீட்டியிருந்த கால் எனக்குத் தெரியவேயில்லை. தேநீர் அவர் மடியில் கொட்டியது. அந்தச் சம்பந்தம் நின்றுபோனது.

மறுநாள் கணவர் என்னை மாத்தளை டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார். கண்ணின் ப்ரஷரைப் பார்க்கும் மெஷின் புஸ்ஸென்று காற்றடித்தது. சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை வாசித்தேன்.

"ப்ரஷர் நார்மல். பார்வையும் நல்லா இருக்கு," என்றார் கடைக்காரர்.

எங்கள் ஊர் பலாபத்வலைக்குத் திரும்பியதும், எங்களோடு இருந்த தன் அக்காவிடம் கணவர் சொன்னார்: "கண்ணுல ஒண்ணுமில்லையாம். எல்லாம் கொழுப்பு."

அதற்குப் பிறகு நான் வாசற்படியில் தடுக்கினால் நடிப்பு. தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டால் திமிர். மகளும் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மெஷின் பொய் சொல்லுமா?

ஒருநாள் பகலில் நாத்தனார் நடைவழியில் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "இங்க வாங்க," என்று கூப்பிட்டார். போனேன். முக்காலியில் இடறி, முகம் தரையில் மோத விழுந்தேன்; தாடை கிழிந்தது.

"சும்மா பாத்தேன்," என்றார், என்னைத் தூக்காமல். "பட்டப்பகல்ல இது தெரியலேங்கிறீங்களே!"

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டொக்டர், எப்படி விழுந்தேன் என்று கேட்டார். சொன்னேன். என்னை நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "கீழ எத்தனை விரல் காட்டுறேன்?"

"எங்க?" என்றேன்.

அவர் கண்டிக்கு அனுப்பினார். அங்கே கண் கிளினிக்கில், ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். காத்திருந்தேன். பக்கத்தில் நின்ற பெண், "தூங்கிட்டீங்களா?" என்று சிங்களத்தில் அதட்டினார். நான் தூங்கவில்லை. வெளிச்சம் எதுவும் வரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தேகப்பட்டு அதே சோதனையை இன்னொரு முறை வைத்தார்கள். வந்த படத்தில் கீழ்ப்பக்கம் அதே இடங்கள் மறுபடியும் இருட்டு.

பெரிய டொக்டர் கண்ணுக்குள் நரம்பைப் பார்த்தார். "கிளோக்கோமா. கண் நரம்பு கெட்டுப்போற நோய். ரொம்ப நாளா இருந்திருக்கு."

"ப்ரஷர் சரின்னு சொன்னாங்களே!" என்றார் கணவர்.

"இப்பவும் சரியாத்தான் இருக்கு. சில பேருக்கு ப்ரஷர் ஏறாமலே நரம்பு செத்துப்போகும். ப்ரஷரை மட்டும் பாத்துட்டு நோய் இல்லேன்னு சொல்லக்கூடாது. இனி சொட்டு மருந்து விடணும். மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்கலாம். போனது வராது."

கணவர் கொஞ்சம் யோசித்தார். "சமையல் செய்யலாம்தானே, டொக்டர்?"

டொக்டர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார். நான்தான், "செய்யலாம்," என்றேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கணவர் முன்னால் நடந்துவிட்டார். நான் ஒவ்வொரு காலையும் தேய்த்துத் தேய்த்து வைத்து வீட்டு வாசலுக்கு வந்தபோது, உள்ளே நாத்தனார் கேட்பது காதில் விழுந்தது.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்லக்கா," என்றார் கணவர். "ப்ரஷர் நார்மலாம்."