இடம் பத்தாத வீடுகள்

விலை உயர்ந்த பாட்டுப் பெட்டிகளை மனிதர்கள் ஏன் விற்கிறார்கள் என்று அப்துல் ஜப்பாரைக் கேட்டால், "கேக்கத் தெரியாதவன் வாங்கினா, விக்காம இன்னா பண்ணுவான்?" என்பார். கள்ளக்குறிச்சியில் சேலம் சாலையை ஒட்டிய சந்தில் அவருக்குக் கடை. பழைய ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் வாங்கி விற்கும் வியாபாரம். பழையது என்பது பேச்சுக்குத்தான். பாதிக்கு மேல் அட்டைப்பெட்டி வாசனைகூடப் போகாமல் வந்து சேரும்.

கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். "வூட்ல எடம் பத்தல பாய்." சங்கராபுரத்தில் மூன்று மாடி கட்டியவனும் அதையே சொன்னான். வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் ஏற்றி வந்த ரோடு காண்ட்ராக்டர் பழனியும் அதையே சொன்னார். மலையே அவர் வீட்டுக் கொல்லை! உண்மைக் காரணம் ஜப்பாருக்குத் தெரியும். மச்சினன் இதைவிடப் பெரிதாக வாங்கியிருப்பான். புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள், அதற்கு மேல் அந்தச் செட்டுக்கு வேலை இல்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று, விற்றவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் பக்கத்து டீக்கடைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் திமிர் அவருக்குச் சும்மா வரவில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து மைக்செட் போட்டவர். திருவிழாவோ கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, இடப்பக்கம் ஆளுயரப் பெட்டி அலற, அதன் காலடியில் உட்கார்ந்தே வாலிபம் கழிந்தது. அப்படிச் சம்பாதித்த காது. கண்ணை மூடி ஒரு பாட்டு கேட்டால் போதும், எந்தப் பெட்டியில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். விழுப்புரத்துக்காரர்கள்கூட, "ஜப்பார் பாய் கேட்டுச் சொல்லட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்" என்பார்கள். அவர் வியாபாரத்துக்கு முதல் அந்தக் காதுதான். வீட்டில் தனக்கென்று ஒரு செட் வைத்திருந்தார். செத்தாலும் விற்க மாட்டேன் என்பார். கூட்டிப் பெருக்கும்போது அதன் எதிரே கிடக்கும் நாற்காலியை நகர்த்திவிட்டதாக மனைவி காசிம் பீவியிடம் அடிக்கடி எரிந்து விழுவார்.

வடக்கனந்தல் கந்தசாமி வரச்சொல்லி ஆள் அனுப்பினார். கரும்பு வயல் பைபாஸுக்குப் போய், வந்த பணத்தில் பெரிய செட்டாக வாங்கிப் போட்டவர். ஜப்பார் போய்ப் பார்த்தார். கூடத்தில் ஒரு கல்யாணமே நடத்தலாம். ஸ்பீக்கர் இரண்டும் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்து நின்றன. எதிர்வீடு பங்காளி வீடு. வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. அந்தப் பங்காளி இப்போது ஏசி போட்டு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டான் என்று ஊருக்குள் நுழையும்போதே ஜப்பார் கேள்விப்பட்டிருந்தார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பிலேயே காய்ந்து கிடந்தன. அவருக்கு வயிறு எரிந்தது.

"இன்னாங்கண்ணே இது, ஸ்பீக்கருக்குப் பொட்டு?"

"டிராக்டருக்கு வெக்கல? அதுமாரிதான். வூட்ல எடம் பத்தல பாய், எடுத்துக்கினு போயிடுங்க."

ஜப்பார் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டிகளைத் திருப்பி வைத்தார். எதிரே நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார். நாதஸ்வரம் வலப்பக்கமாகவே ஒதுங்கி நின்றது. இடது பெட்டி முனகியது. எழுந்து போய்ப் பின்பக்க ஒயர்களை இடம் மாற்றிச் செருகினார். கோளாறு ஆம்ப்ளிஃபயரில் என்றால் முனகல் இப்போது வலது பெட்டிக்குப் போகவேண்டும். போகவில்லை.

"லெஃப்ட் ஸ்பீக்கர் அவுட்டுண்ணே. பாதி வெலதான் வரும். பாட்டு போடாம பூசையே பண்ணிக்கினு இருந்தீங்க போல."

கந்தசாமியின் மனைவி தங்கமணி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார். "நல்லாதானே பாடுது? ரெண்டும் ஒரேமாரிதான் கேக்குது."

இந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்ற ஏளனத்தோடு ஜப்பார் இடது பெட்டியருகே குனிந்தார். வலது காது பெட்டிப் பக்கம் இருந்தது. நாதஸ்வரம் கணீரென்று கேட்டது. தலையைத் திருப்பி இடது காதை வைத்தார். யாரோ கதவைச் சாத்தினாற்போல இருந்தது. மறுபடி வலது, கணீர். மறுபடி இடது, ஒன்றுமில்லை. கெட்டுப்போனது பெட்டி இல்லை.

"யோவ் பாய்" என்றார் கந்தசாமி. மரியாதை போயிருந்தது. "வெலயக் கொறைக்கறதுக்கு நல்ல சாமானக் கெட்டதுன்றியா?"

காது கேட்கவில்லை என்று சொன்னால் விடிவதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும். கடையைச் சாத்த வேண்டியதுதான். ஏமாற்றினான் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், பழைய சாமான் வியாபாரியை எந்த ஊர் யோக்கியன் என்றது? ஜப்பார் பல்லை இளித்தார்.

"கண்டுபுடிச்சிட்டீங்களே அண்ணே. வியாபாரம்னா நாலும் பேசறதுதாங்க."

"தூ" என்றார் தங்கமணி.

கந்தசாமி கேட்ட விலையைக் கொடுத்து ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அந்தத் "தூ" அவருக்கு உறைக்கவே இல்லை. தப்பித்தோம் என்ற நிம்மதிதான் இருந்தது.

அது வீடு வரைக்கும்தான். தன் செட்டைப் போட்டுவிட்டு நாற்காலியைப் பார்த்தார். அது இடப்பக்கச் சுவரை முட்டிக்கொண்டு கிடந்தது.

"இத யாரு இங்க தள்ளினது?"

"நீங்கதான்" என்றாள் காசிம் பீவி. "ஒக்கார்ற போதெல்லாம் கொஞ்சங்கொஞ்சமா அந்தப் பக்கம் இழுத்துக்கினே போறீங்க. சொன்னா என்னைத் திட்றீங்க."

ஜப்பார் பாட்டை நிறுத்தினார். ஸ்பீக்கரை எதிர்வீட்டைப் பார்த்து வைத்த கந்தசாமியாவது எதிர்வீட்டான் கேட்கட்டும் என்று வைத்தார்; இதை யார் கேட்பது?

கொஞ்ச நாளில் ஜப்பாரின் வீட்டுச் செட்டும் கடைக்கு வந்தது. சங்கராபுரத்திலிருந்து நண்பனோடு வந்த வாத்தியார் ஒருவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"புதுசு மாரி இருக்கே பாய், யாருது?"

"என்னுதுதாங்க."

"ஏன் விக்கிறீங்க?"

"வூட்ல எடம் பத்தலீங்க."

வாத்தியார் நண்பனைப் பார்த்தார். செட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, தெருமுனை திரும்புவதற்குள் அவன் காதில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று ஜப்பாருக்குக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.