கறி மட்டும், சோறு மட்டும்

எங்கள் பக்கம் ஆடி மாதத்தில் உடம்பைக் குறைக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் அவளைப் பைத்தியம் என்பார்கள். கீரமங்கலம் வட்டாரம் முழுக்க மொய் விருந்து நடக்கிற மாதம் அது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வரும். ஊரையே அழைத்து ஆட்டுக்கறிச் சோறு போடுவார்கள். போகிறவர்கள் மொய் செய்துவிட்டு வந்தால் மட்டும் போதாது, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கை நனைக்காமல் திரும்பினால் அந்த வீட்டுக்கு அவமானம். அந்த மாதத்தில்தான் நான் இரண்டு கிலோ இறங்க வேண்டியிருந்தது.

நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கான மாவட்ட வலுதூக்கும் போட்டி ஆடிக் கடைசியில் இருந்தது. அறுபத்து மூன்று கிலோவுக்குள் நின்றால் எனக்கு ஒரு பிரிவு. கொஞ்சம் கூடினாலும் அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். போன வருடம் அப்படித் தள்ளப்பட்டு, என்னைவிடப் பெரிய உடம்புக்காரிகளோடு நின்று கடைசியாக வந்தேன். இந்த வருடம் அது நடக்காது என்று முடிவு செய்திருந்தேன்.

நான் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். மூட்டை ஐம்பது கிலோ. கடை ஆரம்பித்த புதிதில் லோடு இறக்க ஆள் வராத ஒரு நாள் நானே தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. டீக்கடையில் நின்ற ஆம்பளைகள் சிரித்தார்கள், ஒருவனும் கை கொடுக்கவில்லை. முறையாகத் தூக்கக் கற்றுக்கொள்வதற்காக ஆலங்குடி ஜிம்முக்குப் போனேன். இப்போது என் கடை மூட்டையை நானே இறக்குகிறேன். சிரித்தவர்கள் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

ஜிம் கோச் என்னைவிட ரொம்ப இளையவர். சாப்பாட்டைப் பற்றி அவர் முதலில் பேசியது எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

"பாடம் நடத்தாதீங்க தம்பி. தீவனம் மாதிரி சொல்லுங்க" என்றேன்.

"தீவனம் மாதிரின்னா?"

மூட்டையின் பக்கவாட்டில் புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அச்சடித்திருப்பதைச் சொன்னேன். கறக்கிற மாட்டுக்கு ஒரு கலவை, சினை மாட்டுக்கு ஒரு கலவை, பால் வற்றிய மாட்டுக்கு வேறு கலவை. அவர் சிரித்துவிட்டார்.

"அப்ப சுலபம்க்கா. வெயிட் தூக்குற நாள்ல நீங்க கறவை மாடு. சோறு கூட, கொழுப்பு கொறைய. ரெஸ்ட் நாள்ல வத்துன மாடு. சோத்த ஒரு கைப்பிடியில நிறுத்திருங்க. முட்டை, மீன், கறி, கொஞ்சம் கடலைன்னு சாப்புடுங்க. புரதம் மட்டும் எந்த நாளும் ஒரே அளவு."

இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டியதில்லை. மாட்டுக்கு அரை கிலோ தீவனம் மாறினால் என் கடைக்கு வந்து சண்டை போடுகிற மனிதர், தனக்கு மட்டும் மூன்று வேளையும் சோற்றைக் குவித்துக்கொண்டு, மத்தியானம் தூங்கி, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொள்கிறார். மாட்டுக்குக் கொடுக்கிற மரியாதையைத் தன் வயிற்றுக்குக் கொடுப்பதில்லை. கேட்டால் கோபம் வருகிறது. எனக்கும்தான் வருகிறது.

முதல் விருந்து வடகாட்டுச் சாலையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. விருந்துக்காரர் என் கடையில் தீவனம் வாங்குகிறவர். அன்று எனக்கு ரெஸ்ட் நாள். இலையில் சோறு விழுவதற்குள் கையைக் குறுக்கே நீட்டிக் கறி மட்டும் கேட்டேன்.

பரிமாறியவர் வாளியோடு அப்படியே நின்றார். "சோறு வேணாமா?"

"வேணாம். கறி வைங்க."

"வெவரம்தான். இப்புடி எல்லாரும் சோத்த ஒதுக்குனா, விருந்து போட்டவரு ஆட்டுப்பட்டியவே அறுக்கணும்."

பந்தி முழுக்கச் சிரித்தது. எங்கள் ஊரில் சோற்றைத் தள்ளிவிட்டுக் கறியை மட்டும் தின்கிறவள் பேராசைக்காரி. அதை நான் யோசித்திருக்கவில்லை. யோசித்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கொழுப்பைப் பிரித்து ஓரத்தில் வைத்துவிட்டு, கறியை மென்று தின்று எழுந்தேன்.

அடுத்த வாரம் அத்தை வீட்டு விருந்து. அப்பாவுடன் பிறந்தவர், வாய்க்குப் பேர் போனவர். அன்று காலையில் ஜிம்மில் தூக்கியிருந்தேன், ஆக அது சோற்று நாள். முட்டையின் வெள்ளைக்கருவை வீட்டிலேயே சாப்பிட்டு வந்திருந்தேன். சோறும் ரசமும் போதும், கறி வேண்டாம் என்றேன். அத்தை அடுப்படியிலிருந்தே கேட்டுவிட்டு வந்தார்.

"ஏன்டி, போன வாரம் அந்த வீட்டுல கறிய மட்டும் அள்ளித் தின்னியாமுல்ல. எங்க வீட்டு ஆடு மட்டும் ஒனக்கு நாறுதோ?"

"இன்னைக்கிக் கொழுப்பு ஆகாதுத்தை. ரெஸ்ட் நாள்னா தின்பேன்."

"கொழுப்பு ஆட்டுல இல்லடி, ஒன்கிட்டதான் இருக்கு."

சொல்லிக்கொண்டே குழம்பை ஒரு கரண்டி நிறையச் சோற்றின் மேல் ஊற்றிவிட்டார். பக்கத்து இலைக்காரர்கள் எல்லாம் என் கையையே பார்த்தார்கள். சாப்பிட்டேன். மறுநாள் தராசு ஒன்றரைக் கிலோ கூடக் காட்டியது. கோச்சிடம் போய்க் கத்தினேன்.

"இது கொழுப்பு இல்லக்கா. உப்பும் அது புடிச்சு வச்சிருக்கிற தண்ணியும்தான். நாலு நாள்ல எறங்கிரும். ஆனா போட்டிக்கு மொத நாள் மட்டும் இப்புடிச் சாப்பிட்டுறாதீங்க. எறங்க நேரம் இருக்காது."

போட்டிக்கு முதல் நாள்தான் என் அண்ணன் வீட்டு மொய் விருந்து.

அண்ணனிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வர்ற விருந்து. கூடப் பொறந்தவ எலையில உக்காரலன்னா சபையில ஊர்க்காரன் என்ன பேசுவான்? அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஆகலன்னு பேசுவான்."

"நான் இதுக்குன்னே ஒரு வருசமா தூக்குறேன்ணே."

"தூக்கு. யாரு வேணாங்கறா? ஒரு வாய் தின்னா கம்பி மேல வராதா?"

"தராசுல நான் கூடிருவேன்."

"நான் சபையில கொறைஞ்சுருவேன்த்தா."

நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் மேல் கோபம் இருந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. அந்த மண்டபத்தில் அப்படித்தான் பேசுவார்கள்.

இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு மூட்டை இறக்கினேன். விருந்தில் சாப்பிடச் சொல்லி யாரும் வற்புறுத்தாத ஆள் யார் என்று யோசித்தேன். பரிமாறுகிறவன்தான். வாளி தூக்குகிறவன் கடைசிப் பந்தியில் விருந்து வீட்டுக்காரர்களோடு உட்காருவான். அதுவரை அவனை யாரும் கேட்பதில்லை.

விருந்தன்று விடிந்ததும் சமையல்காரரிடம் போனேன். "கொழுப்பில்லாத தொடைக்கறியா ஒரு கிண்ணம் எடுத்து, மஞ்சள் மட்டும் போட்டு வேக வச்சுருங்க. உப்பு, மசாலா எதுவும் வேணாம்."

"யாருக்கும்மா, சீக்காளிக்கா?"

"எனக்கு."

பிறகு சோற்று வாளிகளை எடுத்தேன், கைக்கு ஒன்றாக. எங்கள் விருந்துகளில் ஆண்கள்தான் பரிமாறுவார்கள். ஒரு பங்காளி வழியை மறித்தார்.

"ஏத்தா, போட்டி நாளைக்குத்தான? இங்கயே ஆரம்பிச்சுட்டியா?"

"தள்ளுங்கண்ணே. சோறு ஆறுது."

பந்தி பந்தியாகப் போட்டேன். அத்தையும் வந்து உட்கார்ந்தார். "எனக்கு இங்கிட்டுக் கொஞ்சம் போடுடி" என்றாரே தவிர, நீ சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. இரண்டு வாளியோடு நிற்பவளிடம் யார் கேட்பார்கள்?

கடைசிப் பந்தியில் அண்ணன் உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கும் இலை போடச் சொன்னார். மண்டபத்தில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். கிண்ணத்தைக் கவிழ்த்தேன். வெளிறிப்போன கறித்துண்டுகள் இலையில் விழுந்தன.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "எங்க வீட்டு ஆடுதானா இது?"

"ஒங்க வீட்டு ஆடுதான்."

"ருசியா இருக்கா?"

"இல்ல."

அவர் சத்தமாகச் சிரித்தார். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனும் தங்கையும் ஒன்றாக உட்கார்ந்து தின்பதைத்தான் அவர்கள் பார்த்திருப்பார்கள். இலையில் என்ன இருந்தது என்று தூரத்திலிருந்து தெரியாது.

மறுநாள் காலை புதுக்கோட்டையில் தராசில் ஏறினேன். அறுபத்து மூன்றுக்குக் கீழேதான் முள் நின்றது. அதிகாரி எழுதிக்கொண்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். அவருக்கு அது ஒரு எண். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

தூக்குவதற்கு இரண்டு மணி நேரம் இருந்தது. வெளியே அண்ணன் பைக்கில் சாய்ந்து நின்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை, வந்திருந்தார். கையில் அடுக்குத் தூக்கு. மேல் அடுக்கில் சோறு, கீழ் அடுக்கில் நேற்றைய கறிக்குழம்பு.

"இப்பத் திங்கலாமா, இல்ல இன்னைக்கும் எதாச்சும் சட்டம் இருக்கா?"

"சோத்த எடு. கொழம்பு, நான் வெயிட் தூக்கி முடிச்சப்பறம்."

"கொழம்பு இல்லாம வெறுஞ்சோறா?"

"ரசம் கொண்டாந்தியா?"

அவர் பைக் பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தார். அண்ணிதான் கொடுத்துவிட்டிருக்க வேண்டும். தூக்கின் மூடியில் சோற்றை வைத்து ரசத்தை ஊற்றினார். நின்றுகொண்டே தின்றேன். மூடி காலியானது.

"போதுமா?" என்றார்.

"இன்னைக்கிக் கறவை மாடு" என்றேன். "இன்னும் போடு."