சட்டைப் பையில் இல்லாத அட்டை

புத்தாண்டு ஆராதனையில் என் கணவர் எடுத்த, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை, அவர் காசிமேட்டிலிருந்து மீன்பிடிக்கப் போகும்போதெல்லாம் சட்டைப் பையில் வைத்து அனுப்புவேன். அது கூட இருந்தால் ஆபத்து வராது என்று நம்பினேன்.

சென்ற மாதம் ஒருநாள் அவர் போன பிறகு பார்த்தால், துவைக்கப் போட்ட சட்டையிலேயே அட்டை இருந்தது. அன்று பார்த்துக் காற்றும் வலுத்தது. கைபேசியிலும் அவர் கிடைக்கவில்லை. எல்லாம் என் தவறுதான் என்று அழுதேன்.

"அட்டைதாம்மா இங்க கீது. இயேசப்பா அப்பாகூட போட்ல தான கீறாரு?" என்றாள் ஆறு வயது மகள். எனக்குச் சுருக்கென்றது. இருவரும் முழங்காலிட்டு ஜெபித்தோம்.

மதியம் அவர் நனைந்து வந்தார். அலையில் தவறிக் கடலில் விழுந்தவரை, லைஃப் ஜாக்கெட் மிதக்க வைத்திருக்கிறது. அட்டையை எடுத்துக் காட்டினேன்.

"வூட்லயே வுட்டது நல்லதாப் போச்சு. நனைஞ்சிருக்கும்" என்று சிரித்தார்.

இப்போதெல்லாம் அவர் கிளம்புமுன் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை நான் இழுத்துப் பார்க்கிறேன். ஜெபம் செய்வது மகள். பட்டப்படிப்பு முடித்த நான், ஒன்றாம் வகுப்புக்காரியிடம் கற்றேன் என்று சொல்வதில் எனக்குப் பெருமைதான்.