கியர் வண்டியும் சந்தனக் கிண்ணமும்

தையல் மிஷின் எண்ணெயும் காய்ந்த சந்தனமும் கலந்தால் ஒரு மணம் வரும். கோயிலிலும் அது வராது, ஒர்க்‌ஷாப்பிலும் வராது; புவனகிரியில் எங்கள் வீட்டு வாசலில், தலைகீழாக நிறுத்திய சைக்கிளுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்திருந்த என் விரல்களில் வந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. தெரியாதது எதுவும் இல்லை என்று நானே நம்பிக்கொண்டிருந்த வயது.

சிதம்பரத்தில் பள்ளிக்கூடம். பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போகிறேனே என்று வடலூர் மாமா, அம்மாவின் அண்ணன், அந்தச் சைக்கிளைக் கடலூரில் வாங்கி அனுப்பினார். பின்சக்கரத்தில் ஆறு பல்சக்கரங்கள் (எங்கள் பேச்சில் 'பல்'), ஹேண்டில்பாரில் அவற்றை மாற்ற ஒரு நெம்புகோல். "இந்த ஊர்ல ஏது மேடு, 'கியர் வண்டி' ஓட்றதுக்கு?" என்று தெருவில் கேட்காதவர் இல்லை. மேடு இருந்தது: வெள்ளாற்றுப் பாலம். அந்த ஏற்றத்தில் செயினைப் பெரிய பல்லுக்கு மாற்றி, எழுந்து நின்று மூச்சுவாங்க மிதிக்கும் பையன்களை நான் உட்கார்ந்தபடியே தாண்டிப் போவேன். அப்போது வந்த திமிரை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்பா தையல்கடை வைத்திருந்தார். ஆயுதபூஜை என்றால் அவருக்குப் பண்டிகை அல்ல, கடமை. கத்தரி, இஞ்ச் டேப், இஸ்திரிப் பெட்டி தொடங்கி அம்மாவின் மிக்ஸி, டிவி ரிமோட் வரை அவர் சந்தனம் வைக்காத பொருள் வீட்டில் இருக்காது. அந்த வருடம் என் சைக்கிளைத் தேய்த்துக் கழுவி, மணிக்கும் ஹேண்டில்பாருக்கும் வைத்த பிறகு, பின்சக்கரத்தின் பக்கத்தில் கியர் கம்பி கறுப்புக் குழாய்க்குள் நுழையும் இடத்தில் ஓர் உருண்டையை அப்பினார். வண்டிக்கு அதுதான் உயிர்நரம்பு என்று தோன்றியதாம்.

ஒரு வாரத்தில் கியர் மக்கர் பண்ணத் தொடங்கியது. பாலத்தில் ஏறும்போது ஒழுங்காக மாறும். இறக்கத்தில் சின்னப் பல்லுக்கு மாற்றினால் மாறாது, நாலு மிதி மிதித்த பிறகு 'டக்'கென்று ஒரேயடியாக இரண்டு பல் தாண்டி விழும். முக்குச் சைக்கிள் கடை காஜா பாய் குனிந்து பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்ததெல்லாம் பிரேக்கும் பஞ்சரும்தான், இதில் கைவைத்துக் கெடுக்க மாட்டேன் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். நான் கைவைத்தேன். செயினை இங்குமங்கும் தள்ளும் பாகத்தில் இரண்டு சின்னத் திருகாணிகள் இருந்தன. இரண்டையும் யாருக்கும் தெரியாமல் தலா இரண்டு சுற்றுச் சுற்றிவைத்தேன். மறுநாள் பாலத்து இறக்கத்தில் செயின் கடைசிப் பல்லையும் தாண்டி, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே போய்ச் சிக்கியது. நான் விழுந்த இடத்துக்கு நாலடி பின்னால் பஸ் பிரேக் போட்டு நின்றது.

முழங்காலில் தையல் போட்டுக்கொண்டு வீடு வந்ததும் அப்பா முடிவு செய்துவிட்டார். "ரிஸ்க் ஜாஸ்தி. ஞாயித்துக்கிழம மாமா வந்து எடுத்துக்கிட்டுப் போவட்டும். நீ பஸ்ஸுல போ," என்றார். எல்லோரும் வண்டியைத் திட்டினார்கள். திருகாணியைத் திருகியது நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டி போவதைவிட, செய்யாத குற்றத்துக்கு அது போவதுதான் என்னை உறுத்தியது.

சனிக்கிழமை அப்பா கடைக்குப் போனதும் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த முறை திருகவில்லை. ஒரு கையால் பெடலைச் சுற்றி, மறுகையால் நெம்புகோலை மாற்றி, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய பல்லுக்கு ஏற்றும்போது என் கை கம்பியை இழுக்கிறது, ஏறிவிடுகிறது. சின்னப் பல்லுக்கு இறங்கும்போது என் கைக்கு வேலை இல்லை, ஸ்பிரிங்தான் கம்பியைத் திரும்ப இழுக்க வேண்டும். அங்கேதான் தயங்குகிறது. அப்படியானால் கம்பியை வழியில் ஏதோ பிடித்துவைத்திருக்கிறது. கம்பியைக் கழற்றிக் குழாயிலிருந்து உருவினேன். அரைச்சாண் நீளத்துக்கு மஞ்சளாய் மாவு படிந்திருந்தது. முகர்ந்தேன்: சந்தனம்.

குழாயை மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்து, அப்பாவின் மிஷின் எண்ணெயை நாலு சொட்டு விட்டு, கம்பியைத் திரும்பக் கோத்தேன். நான் கெடுத்த திருகாணிகளைச் செயின் இரண்டு ஓரத்தையும் தாண்டாத அளவுக்குத் திருப்பினேன். கம்பியின் இழுப்பைக் கால் சுற்று, கால் சுற்றாகச் சரிசெய்தபோது, பெடலைச் சுற்றினால் ஆறு பல்லிலும் செயின் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அந்த மௌனத்தைப் போல ஒரு சந்தோஷத்தை எந்தப் பரீட்சை ரிசல்ட்டும் எனக்குக் கொடுத்ததில்லை.

மதியம் அப்பா சாப்பிட வந்தார். கம்பியைத் துடைத்த துணியை நீட்டினேன்.

"நீங்க வச்ச சந்தனம் உள்ள போயி காஞ்சிடுச்சுப்பா. அதான் கியர் மாறல. ஆனா செயின் கழண்டது அதால இல்ல. திருகாணிய நான்தான் திருகுனேன். சொல்லல."

இரண்டாவதுக்குத்தான் அடி விழும் என்று நின்றேன். அவர் துணியை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"மிஷின்ல ஊசிக்கிட்ட நான் வச்சதே இல்லியே. நூலு சிக்கும்னு தெரியும். இதுவும் நூலு மாதிரிதான்னு தோணாமப் போச்சே," என்றார். என் முழங்கால் கட்டைப் பார்த்தபடி, "வா, பாலத்துக்குப் போவலாம்," என்று மொபெட்டை எடுத்தார்.

பாலத்தில் என் பின்னாலேயே ஏறினார், பின்னாலேயே இறங்கினார். மூன்று தடவை. நான்காவது தடவை பாதியில் நிறுத்திக்கொண்டு, போதும் என்று கையைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை மாமா மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு வடலூர் திரும்பினார்.

அடுத்த ஆயுதபூஜையில்தான் எனக்கு உண்மையான மரியாதை கிடைத்தது. யாரையும் எதையும் கேட்டுச் செய்யாத அப்பா, கையில் கிண்ணத்தோடு என் சைக்கிள் முன்னால் வந்து நின்று, "எங்க வைக்கலாம், சொல்லு," என்றார். மணியின் தலையைக் காட்டினேன். ஒரே ஒரு பொட்டு வைத்தார்.

நான் கல்லூரிக்குப் போனதும் சைக்கிள் வடலூருக்கே போய், மாமா மகனிடம் ஓடித் தேய்ந்தது. தையல்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. கடலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்று இயந்திரங்கள் என் பொறுப்பில் ஓடுகின்றன. அவற்றில் எது மக்கர் பண்ணினாலும் முதலில் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறேன், அப்புறம்தான் ஸ்பானரைத் தொடுகிறேன். ஆயுதபூஜை அன்று ஆட்கள் சந்தனக் கிண்ணத்தோடு என்னிடம் வருவார்கள். "மேடம், எங்க வைக்கலாம்?" என்பார்கள். அசையாத இடமாகப் பார்த்துக் காட்டுவேன். அந்தக் கேள்வியை முதன்முதலில் என்னிடம் கேட்டவர் போய் நான்கு வருடமாகிறது.